வெளிச்சம் வந்ததால் தேடவில்லை

எங்கள் வீட்டில் மின்விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே மூன்று லாந்தர்களும் எரியும். கண்ணாடிச் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் நிரப்பி, பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிட வேண்டும். "என்னங்க, கரண்டு இருக்கும்போதே வெளக்கா?" என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா அடுத்த லாந்தரின் திரியை ஏற்றப் போய்விடுவார். பல்பு மங்கினால் இன்றைக்கும் எனக்குப் பயமில்லை. மறுபடி பளிச்சென்று எரிந்தால்தான் பயம்.

அப்பா இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். மலைவாய்க்கால் தண்ணீர் ஒரு தொட்டியில் விழுந்து, குழாய் வழியே இறங்கி, மின்சார யந்திரத்தைச் சுற்றும். அதிலிருந்து ஒரு கம்பி எங்கள் குவாட்டர்ஸுக்கும் வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்கு வரவில்லை, அங்கே குப்பிலாம்புதான். அதனாலேயே எனக்கு ஏகப்பட்ட மிதப்பு.

மழைக்காலத்தில் தொட்டி வாயிலுள்ள கம்பி வலையை இலையும் சுள்ளியும் அடைத்துக்கொள்ளும். பல்பு மங்கிச் சிவக்கும். வாய்க்காலையும் தொட்டியையும் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்க்காரர் மேலே ஏறிப்போய் வலையை வாருவார். பல்பு பளிச்சென்றானால் அவர் வேலை முடிந்தது என்று தோட்டத்துக்கே தெரியும். அவர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

நான் எட்டாம் வகுப்பில் இருந்த வருஷம், ஆனி மாதம், மூன்று நாளாக விடாத மழை. கொழுந்து இல்லாததால் தொழிற்சாலையில் வேலை இல்லை. லாந்தருக்கு எண்ணெய் ஊற்றுவது என் பொறுப்பு. சோம்பேறித்தனத்தில் ஊற்றவில்லை. பொழுது சாய்கிற நேரம் பல்பு மங்கியது. அம்மா லாந்தரை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டத் தொடங்கினார். நான் அப்பாவிடம் ஓடினேன்.

"ஆள அனுப்புங்கப்பா, நாளைக்கு எனக்குப் பரீட்ச."

பரீட்சை எதுவும் இல்லை.

கொட்டகையில் குளிர்காய்ந்துகொண்டிருந்த தண்ணீர்க்காரரை அப்பா கூப்பிட்டார். "மழ கொஞ்சம் விடட்டுங்களே ஐயா," என்றார் அவர். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"புள்ளைக்குப் பரீட்சயாம். ஒரு எட்டு போயிட்டு வந்துருப்பா."

அவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினார். ஒரு மணி நேரத்தில் பல்பு பளிச்சென்றது. "வலைய வாரிட்டாரு," என்றார் அம்மா. சாப்பிட்டோம், படுத்தோம்.

காலையில் பெரட்டில், வேலைக்கு வந்த ஆட்களைக் கணக்கெடுத்தபோது அவர் இல்லை. தேடிப் போனவர்கள் தொட்டிக்குக் கீழே பாறை இடுக்கில் கண்டார்கள். வலையை வாரிய பிறகு சறுக்கியிருக்கிறார். கால் முறிந்தும் கொஞ்ச தூரம் தவழ்ந்திருக்கிறார். அந்த வழியெல்லாம் புல் அழுந்திக் கிடந்ததாம். உடம்பு விறைத்துப் போயிருந்தது. ராத்திரியே யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று தோட்டத்து வைத்தியம் பார்க்கும் மருந்துக்காரர் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வெளிச்சத்துக்காக இனி ஒருவரையும் மேலே அனுப்பக் கூடாது என்று அம்மா அன்றே சொல்லிவிட்டார். அன்றிலிருந்துதான் கரண்டு இருந்தாலும் லாந்தர்கள் எரிந்தன. பரீட்சையைப் பற்றி அப்பா ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தண்ணீர்க்காரரின் மனைவி எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கருமாதி முடிந்து ஒருநாள் பின்வாசலில் வந்து நின்றார். அம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரு மழையில ஏறிப் போறத லயத்து வாசல்லருந்து பாத்தேங்கம்மா. மனசு கேக்கல. தேடிப் போகலாம்னு நாலு பேரக் கூப்புட்டேன், அவங்களும் லாந்தரோட கெளம்பி வந்துட்டாங்க. அதுக்குள்ள ஒங்க ஜன்னல்ல வெளிச்சம் வந்துருச்சு. அவருக்கு ஒன்னுமில்ல, மழையில கொட்டகையிலயே படுத்துக்குவாரு, போங்கன்னு நானேதான் திருப்பி அனுப்பிட்டேன்."