அவரவர் சட்டையோடு ஒரே கேலரியில்

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்கா போட்டிருக்கும் பச்சையும் கறுப்புமான குறுக்குக்கோட்டுச் சட்டையைப் பார்த்து உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். சேலை கட்டிய நல்ல படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று அச்சுக்குப் போகும் முன்பே இரண்டு சித்திமார் கேட்டுவிட்டார்கள். படம் இருக்கிறது; அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தை எடுக்கச் சொல்லி, மலரில் இதைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு போட்டவர் அக்காவேதான். அக்காவின் உத்தரவை மீறி எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. அவர் போய் ஒரு வருடம் ஆன பிறகும் அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

நான் அவருடைய தம்பி. தனுவச்சபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பிழைப்பவன். இந்த மலரையும் நானே டைப் செய்தேன். பிழைகள் இருந்தால் அவை எனக்கே சொந்தம்.

கேரளத்தின் தென்கோடியில், கொல்லயில் என்ற பஞ்சாயத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டில் அக்கா பிறந்தார். மூத்தவர் அண்ணன், அடுத்தவர் அக்கா, கடைக்குட்டி நான். அப்பாவுக்கு வாழையும் மரச்சீனிக் கிழங்கும் பயிரிடும் சிறு விவசாயம். மிஷன் சபையில் கமிட்டி அங்கத்தினர். அக்கா பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டார்கள். அன்று முதல் அக்கா சமையல், துணி துவைப்பு, என்னுடைய வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு ஓடுவார். அக்கா பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. பஸ்தான் ஒன்றிரண்டு முறை அக்காவைத் தவறவிட்டது. நர்சிங் படித்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் வேலை பார்த்து, பிறகு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே இருபத்திரண்டு வருடம். எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்ததும், நான் கடை வைத்ததும் அவருடைய கைபலத்தால்தான்.

வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய மில் ஊர். போன முதல் குளிர்காலத்தில் போன் செய்தாலே அழுகைதான். அங்கே வார்டில் துப்புரவு வேலை பார்த்த டோரீன் என்ற பெண்மணி, இவரை இப்படியே விட்டால் பெட்டியைக் கட்டிவிடுவார் என்று கண்டுகொண்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப் போயிருக்கிறார். அங்கே ஆடியது ரக்பி லீக். அது என்ன ஆட்டம் என்று எங்களுக்குப் புரியவைக்க அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல.

"எலே, நம்ம கபடியில ஒரு பந்தையும் குடுத்தா எப்பிடி இருக்கும்? அதாக்கும் இது. பந்தைக் கையால முன்னால எறியப்பிடாது, பின்னால வாறவன்கிட்டதான் குடுக்கணும். ஆறு தடவை பிடிச்சு விழத்தட்டினா பந்து மத்தவனுக்கு."

கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டில் மேல் ஏறுகிற அக்கா, பதின்மூன்று தடியர்கள் பதின்மூன்று தடியர்களை மண்ணில் புரட்டுவதைப் பார்க்க மழையில் நின்றார். நர்ஸ் என்பதால் பார்வையாளர் கேலரியில் நின்றபடியே, "அவனுக்குத் தோள் இறங்கிப்போச்சு, இனி ஆடமாட்டான்" என்று சொல்லிவிடுவாராம். டாக்டர் ஓடிவந்து அதையேதான் சொல்வார் என்று டோரீன் பெருமைப்படுவார். கல்யாணப் பேச்சோடு போன் செய்த உறவினர்களுக்கெல்லாம் அக்கா ஒரே பதில் வைத்திருந்தார்: அந்த வாரம் மேட்ச் உண்டு.

டோரீன் அவரை வெறும் துணையாக நினைக்காமல் ஊர்க்காரியாகவே ஏற்றுக்கொண்ட கதையை அக்கா அடிக்கடி சொல்வார். ஒருநாள் வெளியூர் மேட்சுக்குப் பஸ்ஸில் போகும்போது ரசிகர்களுக்குள் வாக்குவாதம். அந்த ஊர் காலங்காலமாக லங்காஷயர் மாவட்டம். பிறகு எப்போதோ எல்லையைத் திருத்தி, ஊரை வேறொரு நிர்வாகத்தில் சேர்த்துப் பெயர்ப்பலகையையும் மாற்றிவிட்டார்கள். "நாம இப்ப லங்காஷயரே இல்லையே" என்று ஒருவர் சொல்ல, டோரீனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நீ சொல்லு, நாம யாரு?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அக்கா சொன்ன பதில்: "எனக்க ஊரும் இப்பிடியாக்கும். மாநிலம் பிரிச்சப்ப கோட்டுக்குக் கேரளத்துப் பக்கம் நின்னுபோச்சு. பஸ் போர்டு மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம். எனக்க அப்பா வயல்ல நின்னு பாடினது தமிழு. போர்டு மாத்த ஒரு நாள் போதும்." அதன் பிறகு மலைக்கு அந்தப்புறத்து யார்க்‌ஷயர்க்காரர்களை ஏசும் உரிமையும் அக்காவுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்காரர்களை எங்கள் பாறசாலைக்காரர்கள் கேலி செய்கிற அதே சுதியில் அவர் ஏசுவார்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் காரணம். அக்கா முதன்முதலாக இங்கிலாந்து ஆடிய சர்வதேச மேட்சுக்குப் போனபோது, எல்லாரும் நாட்டின் வெள்ளைச் சட்டையில் வருவார்கள் என்று நினைத்திருந்தார். போனால் கேலரி முழுக்கச் சிவப்பு, நீலம், மஞ்சள், கோடு, கட்டம். ஒவ்வொருவரும் தத்தம் கிளப் சட்டையிலேயே வந்திருக்கிறார்கள். பரம எதிரியான பக்கத்து ஊர்க்காரர் அக்காவின் வலப்புறம், யார்க்‌ஷயர்க்காரர் இடப்புறம். எதிரி கிளப்பின் ஆட்டக்காரர் இங்கிலாந்துக்காகப் பந்தைக் கோட்டுக்கு அப்புறம் கொண்டுபோய் வைத்தபோது எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். அக்கா அதை வியந்து வியந்து சொன்னார்: "ஒருத்தனும் சட்டையைக் கழற்றல்ல மக்கா. கழற்றணும்னு யாரும் சொல்லவும் இல்ல."

நான் அப்போது 'உம்' கொட்டினேன். எனக்கு அது ஆட்டத்துச் செய்தி மட்டும்தான்.

எங்கள் வீட்டில் பலருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அண்ணன் வாலிப வயதில் கொல்லயில் கபடி அணியில் பேர்போன பிடிகாரர். பிறகு மனம் திரும்பி, மிஷன் சபையை விட்டு ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்தார். கபடியை விட்டார், மோதிரத்தை விட்டார், வெள்ளை உடுப்புக்கு மாறினார். அப்பாவுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் அப்பா அவரோடு பேசாமல் இருந்ததில்லை. பேசாமல் போனது நான். அப்பாவின் அடக்க ஆராதனையில் எங்கள் போதகர் ஜெபித்து முடித்ததும், அண்ணன் குழியருகே வந்து, "நானும் ஒரு ஜெபம் சொல்லட்டா?" என்று கேட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க நான் சொன்னேன்: "ஒனக்க ஜெபம் ஒனக்க கூட்டத்தில போய்ச் சொல்லு. இது அப்பாக்க சபையாக்கும்."

அண்ணன் மண் போடாமலே திரும்பிப் போனார். பெற்ற தகப்பனுக்கு ஒரு பிடி மண் போட விடாமல் செய்தவன் நான். ஒன்பது வருடம் நாங்கள் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையே நடந்தால் இருபது நிமிடம்.

அக்கா நோயோடு ஊருக்குத் திரும்பியபோது இனிச் சிகிச்சைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். என் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டோம். அக்கா எங்கள் இருவருக்கும் டியூட்டி போட்டார்: காலையில் நான் கடைக்குப் போன பிறகு அண்ணன் வருவார், நான் வருவதற்குள் போய்விடுவார். அறையில் அண்ணனின் வேதப்புத்தக வாசனை இருக்கும், அண்ணன் இருக்கமாட்டார். நான்கு மாதம் இப்படி ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடுது. இஞ்ச சாயங்காலமாக்கும். எனக்கு ரெண்டு பேரும் கூட இருக்கணும். நீ போய் அண்ணனைக் கூப்பிடணும்."

"அக்கா, நீயே போன் பண்ணிச் சொல்லேன்."

"அடக்கத்தில பேசினது நானா?"

போனேன். அண்ணன் வாசலில் வந்து நின்றார். அக்கா கூப்பிட்டதாகச் சொன்னேன். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "அப்பாக்க குழியில ஜெபிக்க விடாதவனுக்க வீட்டில, நீ இருக்கும்போ எனக்கு என்ன காரியம்?" திரும்பிவிட்டேன். அக்காவிடம் வந்து, அவர் வரமாட்டார், சபை, கூட்டம் என்று என்னவோ சொன்னேன்.

"நீ தெற்று, தப்பு உனக்கதுண்ணு சொன்னியா?"

"இல்ல."

"அப்ப நீ கூப்பிடல்ல. இஞ்ச பாரு மக்கா, அண்ணன் அவனுக்க சட்டையில வரட்டு. நீ உனக்க சட்டையில இரி. எனக்கு ரெண்டும் ஒரே கேலரியில வேணும். அவ்வளவுதான் கேட்டேன்."

நோயோடு வந்த பிறகு அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். ஊசி குத்தும்போதுகூட முகம் சுளிக்காதவர். மறுநாள் கடையைத் திறக்காமல் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணன் என்னைப் பொறுக்கணும். அப்பாக்க அடக்கத்தில சொன்னது தெற்றாக்கும். எனக்க தெற்று."

மதினி உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டது எனக்குக் கேட்டது. கடைசியில் அண்ணன் கேட்டார்: "மேட்சு எத்தன மணிக்கு?"

சனிக்கிழமை கடையிலிருந்து பெரிய மானிட்டரைத் தூக்கிவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தேன். அண்ணன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் வேதப்புத்தகம். அக்கா தன் கிளப்பின் பச்சை கறுப்புச் சட்டையைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். முதலில் ஜெபிக்க வேண்டும் என்றார் அண்ணன். ஜெபித்தார், அவருடைய கூட்டத்து வழக்கப்படி உரக்க, நீளமாக. திரையில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அக்கா ஒரு கண்ணைத் திறந்தார்.

"அண்ணா, ஆமென் சொல்லு. பந்து அடிச்சாச்சு."

அண்ணன் வாசற்பக்கம் நாற்காலியில் விறைப்பாக அமர்ந்தார். உலகக் காரியம் என்று நினைத்தாரோ என்னவோ, பார்வை சுவரில் இருந்தது. பத்து நிமிடம் கழிந்திருக்கும். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் இரண்டு பேரைத் தள்ளிவிட்டு ஓட, என் பின்னாலிருந்து ஓர் இடி: "மேல பிடிச்சா நிக்குமா? காலைப் பிடிலே, காலை!" கபடி அணியின் பழைய பிடிகாரர் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுக்க நானும் அண்ணனும் ஒரே டம்ளருக்குக் கை நீட்டினோம். பக்கத்து ஊர் கிளப்பின் ஆட்டக்காரர் புள்ளி எடுத்தபோது அக்கா கை தட்டினார். "இவனை எத்தன வருஷமா ஏசிட்டு வாறேன். பாரு, கை தட்ட வச்சிட்டான்."

இங்கிலாந்து தோற்றது. அக்காவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அன்றுதான், போனில் டைமர் வைத்து, அந்தப் படத்தை எடுக்கச் சொன்னார். அட்டையில் அவருடைய இரண்டு தோளிலும் தெரியும் கைகள் யாருடையவை என்று கேட்டவர்களுக்கு: வலப்புறம் அண்ணனுடையது, இடப்புறம் என்னுடையது. அதன் பிறகு டியூட்டி அட்டவணை இல்லை. பதினோரு நாள் இருவரும் சேர்ந்தே இருந்தோம். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில், எங்கள் இருவர் பெயரையும் சொல்லி, அக்கா ஆண்டவரிடம் போனார். கூடப்பிறந்தவர்களில் எனக்குத் தாயாகவும் இருந்தவர் அவர். அவர் இல்லாத வீட்டுக்கு நான் இன்னும் பழகவில்லை.

அந்த நான்கு மாதமும் வீட்டுக்கே வந்து வலியைக் குறைத்த நர்ஸ் சகோதரிகளுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், இறுதிவரை பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கிய வாலிபர்களுக்கும், வந்தவர்களுக்குப் பால் சேர்க்காத கட்டன்காப்பி போட்டே கை சிவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடல் கடந்து போன் திரையில் அதே கோட்டுச் சட்டையோடு அழுதபடி நின்ற டோரீன் அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன். அக்காவின் குழியருகே போதகர் ஜெபித்து முடித்ததும், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, நான் திரும்பி, "அண்ணன் ஒரு ஜெபம் சொல்லணும்" என்றேன். அண்ணன் சொன்னார். முதல் பிடி மண்ணை அவர் போட்டார், இரண்டாவது நான். கூட்டம் கலைந்த பிறகு நான் அவர் கையைப் பிடித்து, இரண்டு வரிசை தள்ளி இருக்கும் அப்பாவின் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கல்லறை மேல் போட்டார். ஒன்பது வருடத்துக்கு முன்பு நான் தடுத்த ஜெபத்தை அங்கே நின்று சொன்னார். உரக்க, நீளமாக. நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்து, ஆமென் சொன்னேன்.