அநாதைகளின் மாமன்

லாசரோ தம்புலாசியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். தோவா சந்தையில் தையல் மிஷின் போட்டிருந்தவர். சபையில் மூப்பர். சபை நடத்திய அநாதை இல்லத்தின் நிர்வாகக் குழுவில் சம்பளம் வாங்காத உறுப்பினர். விடிவதற்கு முன்பே எழுந்து முழங்காலில் நின்று, இல்லத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிப்பார். அவர்கள் போட்டிருந்த சீருடை எல்லாம் அவர் மிஷினை மிதித்துத் தைத்ததுதான். ஆளை வேஷக்காரர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவர் வேஷக்காரர் இல்லை. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

முன்பிருந்த பொருளாளர் தன் சொந்தபந்தங்களின் பிள்ளைகளாகப் பார்த்து இல்லத்துக் கட்டில்களை நிரப்பி வைத்திருந்தார். கொழுகொழுவென்று இருந்த அந்த அநாதைகளின் தாய்தகப்பன்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டும் பாடினார்கள். லாசரோதான் துணிந்து எழுந்து கேட்டார். குழுவில் இருப்பவரின் உறவுப் பிள்ளைக்கு இல்லத்தில் இடம் கிடையாது என்ற விதியைக் கொண்டுவந்ததும் அவர்தான். பாதிரியார் சிமோம்போ பிரசங்கத்திலேயே அவரைப் புகழ்ந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது லாசரோவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீடு என்றால் மனைவி எஸ்னாத்தின் வீடு. எங்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லாரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. கட்டின வீட்டில் மண்வெட்டி பிடிப்பதோடு சரி. அங்கே பிறக்கிற பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மாமன்தான் எல்லாம். ஆணுக்கு அதிகாரம் இருப்பது அக்கா தங்கச்சி வீட்டில். அங்கே அவன் வாயைத் திறந்தால்தான் காரியம் நடக்கும். மனைவியின் ஆட்களிடம் ஒன்றை வாய்விட்டுக் கேட்பது மட்டும் மாப்பிள்ளைக்கு இழுக்கு. கூரை ஒழுகினாலும் நனைந்துகொண்டு படுப்பானே தவிர, ஒரு கட்டுப் புல் கொடுங்கள் என்று கேட்கமாட்டான். லாசரோ இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட ஒரு படி மேல்.

அவருக்கு ஒரே தங்கை, எனெலெஸ். ஆற்றுக்கு அக்கரையில் தாய்வழி ஊரிலேயே இருந்தவள், மழைக்காலக் காய்ச்சலில் செத்துப்போனாள். புருஷன் ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனவன்; அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று கேள்வி. மிச்சம் இரண்டு பிள்ளைகள். தியாமிகேக்கு எட்டு வயது. அவள் முதுகில் துணியால் கட்டிச் சுமந்த தம்பி லிம்பானிக்கு நடை இன்னும் சரியாக வரவில்லை.

துக்கம் கழிக்கும் நாளில் தாய்வழிக் குடும்பத்தார் மட்டும் தலையை மழித்துக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் யாரிடம் போவார்கள் என்று அன்றைக்குத் தாய்மாமன் எழுந்து சொல்ல வேண்டும். அவன் சொல்வதே முடிவு.

"மாமன் பேசட்டும்," என்றார் ஊர்த்தலைவர்.

லாசரோவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. குழுவிலிருந்து விலகினால் விதி விலகும், பிள்ளைகளுக்கு இல்லத்தில் இடம் கிடைக்கும். ஆனால் வருகிற மாதம் அவரைச் செயலாளராக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் விலகினால் பழைய கொள்ளை திரும்பிவிடுமே, கர்த்தர் ஒப்படைத்த ஊழியத்தை இரண்டு பிள்ளைகளுக்காக விடலாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இன்னொரு வழி, எஸ்னாத்தின் அண்ணன் ஜெய்லோசியிடம் போய், என் தங்கை பிள்ளைகளை உன் ஊரில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பது. அதை நினைத்த மாத்திரத்திலேயே அவருக்கு உடம்பு கூசியது.

எழுந்தார். பேசுவதற்குப் பதிலாக ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைங்க எங்க பிள்ளைங்க இல்ல, உம்ம பிள்ளைங்க. உம்ம கையிலயே குடுத்துட்டோம்..."

அருமையான ஜெபம். பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. அவர் ஆமென் சொல்லி உட்கார்ந்ததும் ஊர்த்தலைவர் கேட்டார்.

"ஆமென் சரிதான் மூப்பரே. களி கிண்டிப் போடுறது யாரு? அதைச் சொல்லும்."

பின்னால் இருந்த பயல்கள் சிரித்தார்கள். லாசரோ வேதப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் செலினா எழுந்தாள். எனெலெஸுக்குப் பெரியம்மா மகள் முறை, அதுவும் எட்டத்து உறவு. குடும்பத்தோடு கசுங்குவுக்குப் புகையிலைத் தோட்டத்துக் கூலியாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள். தியாமிகேயின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல.

"பொண்ணு வேலைக்கு ஆவா. சின்னது அதும்பாட்டுக்குக் கெடந்து வளரும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"கர்த்தர் வழி காட்டிட்டார்," என்றார் லாசரோ.

கூட்டம் கலைந்தபோது தியாமிகே வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"மாமா, உங்க இல்லத்துல பிள்ளைங்களுக்கு மீன்கூடப் போடுவாங்களாமே. அம்மா சொல்லும். நாங்க அங்க வரக்கூடாதா?"

"அது யாருமில்லாத பிள்ளைங்களுக்கும்மா," என்றார் அவர், அவளுடைய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே. "உங்களுக்குத்தான் நான் இருக்கேனே."

அவர் செயலாளரானார். இல்லத்துக்கு நல்ல காலம்தான். சமையலறைக்குப் புதுக் கூரை போட்டார், ஒரு மூட்டை சோளமாவுகூடப் பின்வாசல் வழியாகப் போகாமல் பார்த்துக்கொண்டார். எஸ்னாத் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது, "ஏற்பாடு பண்ணியாச்சு" என்று முடித்துக்கொண்டார். அக்கரையிலேயே உறவுக்காரர் யாரோ வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த அறுவடை முடிந்து, கசுங்குவிலிருந்து புகையிலை லாரியில் வந்த ஒருவன் சந்தையில் வைத்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்: "மூப்பரே, உங்க தங்கச்சி மவன் செத்துட்டான். வயித்தால போச்சு. அந்தப் பொண்ணுதான் தனியாக் குழி தோண்டுச்சு, பாவம். செலினா இலை கட்டுற வேலையை விட்டுட்டு எந்திரிக்கவே இல்ல."

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. எஸ்னாத் உலக்கையைப் போட்டுவிட்டு வாசலில் நின்றாள்.

"தோட்டத்துக்கா அனுப்பினீங்க? பச்சப்புள்ளையையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"உங்க ஊருல என் ஆளுங்களைக் கொண்டாந்து வைக்க எனக்கு ஏது உரிமை?"

உள்ளேயிருந்து ஜெய்லோசி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, வாய்தான் நீளம்.

"உரிமை இல்ல மாப்பிள்ளை. வாய் இருக்குல்ல? ஊருக்கே ஜெபம் பண்ற வாய். இங்க ரெண்டு புள்ளைக்கு ஒரு குடிசை போட்டுக்கறேன் மச்சான்னு கேட்டிருந்தா, நானே மரம் வெட்டித் தந்திருப்பேன். இப்பவும் தர்றேன். அந்தப் பொண்ணையாவது போய்க் கூட்டிட்டு வாரும்."

லாசரோ மறுநாளே கசுங்குவுக்குப் போனார். செலினாவின் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து, பசி மறந்து, தொண்டை கட்டும்வரை ஜெபித்தார். ஜெபம் உண்மையானதுதான். எஸ்னாத் ஒரு புதுப் பாய் முடைந்து சுவரில் சாய்த்து வைத்தாள்.

ஒரு வருஷம் கழித்து, புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதற்குக் குழு கூடியிருந்த ஒரு காலையில், அரசாங்கத்துச் சமூகநல அம்மாள் ஒரு பெண்ணை அழைத்து வந்தாள். பஸ் நிலையத்தில் பழத்தோல் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தவளாம். உள்ளங்கைகள் புகையிலைப் பிசின் ஏறிக் கறுத்திருந்தன. முகம் அப்படியே எனெலெஸ். 

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையிடம் முதலில் கேட்பதைப் பாதிரியாரும் கேட்டார்.

"தாய்மாமன் யாரும் உண்டாம்மா?"

தியாமிகே மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, லாசரோவிடம் நின்றாள்.

"நான்தான்" என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஜெய்லோசி இடம் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் பாய் காத்திருக்கிறது. எழுந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் பாதிரியார் கேட்பாரே, நீங்கள் இருக்கும்போது இவள் எப்படி பஸ் நிலையத்துக்கு வந்தாள் என்று. லாசரோ குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். அவளே சொல்லட்டும், சொன்னால் நான் மறுக்கமாட்டேன் என்று தீர்மானித்தார். அதைத் துணிச்சல் என்றுகூட நினைத்துக்கொண்டார், பாவி மனுஷர்.

"இருந்தார். செத்துட்டார்," என்றாள் தியாமிகே.

"அடடா. எப்பம்மா?"

"அம்மாவைப் புதைச்சதுக்கு அப்புறம். எல்லாருக்கும் தலை மழிச்ச அன்னிக்கு."

"ஒரே துக்கத்துல ரெண்டு சாவா!" பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூப்பரே, அந்த மனுஷருக்காகவும் ஒரு ஜெபம் பண்ணிடுங்க."

லாசரோ எழுந்து நின்று, செத்துப்போன தாய்மாமனுக்காக ஜெபித்தார். நடுவில் குரல் உடைந்தது. என்ன இளகிய மனசு என்று எல்லாரும் நினைத்தார்கள்.

யாருமில்லாத பிள்ளைக்குக் குழுவில் ஒருவரை மாமனாக நியமிப்பது இல்லத்து வழக்கம். படிப்பும் கல்யாணமும் அவர் வாய்வழிதான் முடிவாகும். பாதிரியாருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"இனிமே இவர்தாம்மா உனக்கு மாமா. இவரை மாதிரி ஒரு மாமன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். எங்க, மாமான்னு கூப்பிடு பாப்போம்."

தியாமிகே மண்டியிட்டு, முறைப்படி உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வேணாங்க. எனக்குப் படுக்க இடம் இருந்தாப் போதும். இவரை ஐயான்னே கூப்பிடுறேன்."

"கூச்சப்படுது," என்று பாதிரியார் சிரித்தார். "போகப்போகச் சரியாயிடும்."

போகப்போகச் சரியாகவில்லை. வந்தவள் யார் என்று லாசரோ வீட்டில் சொல்லவேயில்லை; எஸ்னாத் முடைந்த பாய் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. கல்யாணமாகி இல்லத்தைவிட்டுப் போகிற நாள்வரைக்கும் அவள் அவரை, மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல், ஐயா என்றே கூப்பிட்டாள்.