வியாழக்கிழமை வயிற்றுவலி

ஆங்கில ஆசிரியர் உமெஹாரா சென்செய்க்கு வியாழக்கிழமை விடிந்தால் வயிறு வலிக்கும்.

ஜப்பானில், நீகாதா மலைப்பக்கத்தில் எங்கள் பள்ளி; இங்கே வாத்தியாரைச் ‘சென்செய்’ என்போம். மருத்துவ அறை என் பொறுப்பு. இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு திரை, மூலையில் குளிர்காய மண்ணெண்ணெய் அடுப்பு. முதல் மணி அடிப்பதற்குள் அவர் வந்து சுவரோரக் கட்டிலில் படுத்துவிடுவார். படுத்தாலும் இருப்புக்கொள்ளாது. எழுவார், ஜன்னல் வழியே வாசலைப் பார்ப்பார், மறுபடியும் படுப்பார்.

வியாழன்தான் மோர்வென் வரும் நாள். ஆங்கிலம் சொல்லித்தர வெளிநாட்டு இளைஞர்களை மலை ஊர்களுக்கெல்லாம் அரசாங்கம் அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. எங்களுக்கு வாய்த்தது இந்த ஸ்காட்லாந்துப் பெண். அவளும் உமெஹாராவும் வகுப்பில் ஒன்றாக நின்று பாடம் நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

அவர் கெட்டிக்காரர் இல்லையா? அதுதான் கொடுமை! எப்பேர்ப்பட்ட ஆங்கில வாக்கியத்தையும் கரும்பலகையில் அக்கக்காகப் பிரித்துப் போடுவார். அவரிடம் படித்த பிள்ளைகள் நுழைவுத் தேர்வில் தோற்றதில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும்போது ஓர் அமெரிக்கப் பாதிரியார் ஏதோ கேட்க, எழுந்தவர் பதில் வராமல் மணியடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாராம். அதன்பின் எந்த வெளிநாட்டவரிடமும் அவர் வாய் திறந்ததில்லை.

“பசங்க முன்னாடி அப்படி நின்னுட்டேன்னா அப்புறம் நான் வாத்தியாரே இல்ல, நோசே சென்செய்,” என்பார் என்னிடம்.

துணைத் தலைமையாசிரியர் கதவருகே நின்று குத்துவார். “என்ன உமெஹாரா சென்செய், உங்க வயித்துக்குக் கிழமை பார்க்கக்கூடத் தெரியுதே?”

“குளிருங்க. குளிர் ஒத்துக்கல.”

“ஆமாமா. புதன்கிழமை மட்டும் நம்ம ஊர்ல வெயில் கொளுத்துது.”

பனி விடாமல் கொட்டிய ஒரு வியாழன் காலை கதவு திறந்தது. மோர்வென் நின்றாள். முகமெல்லாம் சிவப்பு. தொட்டால் கை சுட்டது. அடுத்த கட்டிலில் படுக்க வைத்தேன். படுத்ததும் விம்மி விம்மி அழுதபடி ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை.

திரைக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். “சென்செய், ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு கேளுங்க.”

கட்டில் மட்டும் கிறீச்சிட்டது.

“உமெஹாரா சென்செய்!”

“நான் தூங்கறேன்.”

“தூங்கறவர் பதில் சொல்வாரா? புள்ள காய்ச்சல்ல துடிக்குது!”

திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலம் வந்தது. அவள் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். பதில் சொன்னாள்.

“எல்லா மருந்தும் ஒத்துக்குமாம்,” என்றார் அவர்.

அவள் நிறுத்தவில்லை. அவர் குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. “ஊருக்கே திரும்பப் போறேங்குது. கேள்வி கேட்டா ஒரு பிள்ளையும் வாய் திறக்கலையாம். கூட நிக்க வேண்டிய வாத்தியாருக்கே தன்னைக் கண்டா பிடிக்கலையாம். அவர் ஒரு நாள்கூட பக்கத்துல வந்து நின்னதில்லையாம்.”

தப்பாகச் சொல்வதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொள்வார்கள். அந்த மௌனத்தை இந்தப் பெண் வெறுப்பென்று எண்ணிவிட்டாளே!

நான் கேட்காமலே உமெஹாரா ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். திணறினார், நிறுத்தினார், மறுபடியும் தொடங்கினார். என்ன சொன்னார் என்று பின்னால்தான் என்னிடம் சொன்னார்: “அந்த வாத்தியார் நான்தான். பிடிக்காமல் இல்லை. பயம்.”

மோர்வென் கையை நீட்டித் திரையை விலக்கினாள். அவர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இங்கேயே இருக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வியாழன் ஒரு நாள் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாளாம்.

அந்த வியாழன் சுவரோரக் கட்டில் காலியாக இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. வகுப்பறை அடுப்பைப் பார்க்கிற சாக்கில் போய்ப் பின்வாசலில் நின்றேன்.

மோர்வென் அவரிடம் ஏதோ மளமளவென்று கேட்டாள். அவர் முகம் வெளுத்தது. கையிலிருந்த சுண்ணக்கட்டி ஒடிந்தது. ஐயோ, சிலையாகிவிட்டாரே மனிதர் என்று என் உள்ளம் பதறியது.

“எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார், ஆங்கிலத்தில். எனக்கே விளங்கும் அளவுக்கு எளிய ஆங்கிலம்.

“சென்செய்க்கே புரியலையாடா?” யாரோ கிசுகிசுத்தார்கள். யாரோ சிரித்தார்கள். காது சிவந்தாலும் அவர் நகரவில்லை. அவள் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். அவர் தடுமாறிப் பதில் சொன்னார்.

கடைசி வரிசையில் சிசுரு என்ற பெண் பாதிதான் எழுந்தாள். “எனக்கும் புரியல. இன்னொரு தடவை,” என்றாள், அதே ஆங்கிலத்தில். அப்புறம் ஒரு பையன். அப்புறம் அவன் பக்கத்துப் பையன்.

அன்று மாலை மோர்வென் ஊர் திரும்பும் பேச்சை எடுக்கவில்லை. உமெஹாராவின் வியாழக்கிழமை வயிற்றுவலி மட்டும் அந்தக் குளிர்காலம் முழுவதும் நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு வியாழனும் வகுப்புக்குப் போனார்.