நானூற்றுப் பன்னிரண்டு நாரைகள்

தெருக்காரர்கள் அவளை ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை. மீதி நேரமெல்லாம் ஏரிக்கு வரும் நாரைகளுக்காக நிதி தேடி விண்ணப்பம் போடுவது. ஒன்பது வருடத்தில் அவள் கும்பிடு போடாத அறக்கட்டளை பாக்கியில்லை. போன வருட விண்ணப்பத்தை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவாள். நாரைகள் நானூற்றுப் பன்னிரண்டு என்று முதல் வருடம் எண்ணியதுதான். அந்த எண் மாறவே இல்லை.

இந்த முறை முதல் சுற்றில் தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. புதிதாக எண்ணிச் சொல்லவேண்டுமாம். ஏரிக்குப் போனாள். தண்ணீர் இருந்தது, கோரை இருந்தது.

வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரர் நிமிர்ந்தார். "நாரையா? அதுங்க வந்து மூணு வருஷமாச்சேம்மா."

"யாருமே எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க இந்தப் பக்கமே வரலையே."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கடைக்குத் திரும்பி, கம்ப்யூட்டரில் எண்ணிக்கை கேட்ட கட்டத்தில் பூஜ்யம் அடித்தாள். கட்டம் சிவந்தது. ஒன்றாவது இருக்கவேண்டும் என்றது.

கை பழக்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டை அடித்தது. கட்டம் பச்சையானது.