இரும்புப் பெட்டிக்கு எதிரே ஒரு டீக்கடை

நியாபோத் வாயைத் திறந்தால் சோபாத் ஆற்றின் அக்கரையில் மேயும் மாடுகூட நிமிர்ந்து பார்க்கும். உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து இரண்டு ஊர் மாறியவள். இரண்டு முறையும் ஒரு கையில் கெட்டில், மறு கையில் மகள் நியாகிம். மூன்றாவது ஊருக்கு வந்ததும் சோதனைச்சாவடிக்கு எதிரிலேயே டீக்கடை போட்டாள். வேறெங்கே போடுவாள்? அங்கேதானே வண்டிகள் நிற்கும்!

சாவடி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு தகர டிரம், நடுவே ஒரு கயிறு. ஓரமாக, கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்று, சிறைச்சாலை அதுதான். இதற்கெல்லாம் தளபதி, துவாச். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று அவனுக்கே தெரியாது. நியாகிம்மைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று அவன் தவியாய்த் தவித்தான். அவளுக்கும் அவன்மேல் ஆசைதான். நியாபோத்துதான் குறுக்கே நின்றாள்.

“அந்த வெத்துவேட்டுக்கா? என் பொண்ண ஆத்துல தள்ளுனாலும் தள்ளுவேன், அவனுக்குத் தரமாட்டேன்” என்று ஊர் கேட்கவே சொல்லியிருந்தாள்.

அன்று காலை நிவாரணச் சோள மூட்டைகளோடு லாரிகள் வந்தன. சதுப்புக்குள் ஒளிந்து, அல்லிக் கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்த சனங்களுக்குப் போகவேண்டிய மூட்டைகள். சண்டை போடும் இரண்டு பக்கமும் வழிவிடச் சம்மதித்திருந்தன. துவாச் மட்டும் பாதியை இங்கே இறக்கு என்றான். முன்வண்டி ஓட்டிவந்த லாடு, தலைநகர் ஜூபாக்காரன், “முடியாதுண்ணே. பட்டினி கெடக்குறவங்க சோறு இது” என்றான். அவ்வளவுதான். ஆளைப் பெட்டிக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான் துவாச்.

வெயில் ஏற ஏறப் பெட்டி அடுப்பாகிவிட்டது. லாடு முதலில் பலமாகத் தட்டினான். பிறகு மெல்லத் தட்டினான். பிறகு சத்தமே இல்லை. போன மாதம் அதற்குள் அடைத்த ஒருவனைப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். நியாபோத் கெட்டிலை இறக்கி வைத்தாள். நேரே சாவடிக்குப் போனாள்.

“கதவத் தொறப்பா. அந்தப் புள்ள செத்துருவான்.”

துவாச் சட்டையைக் கழற்றி டிரம்மேல் போட்டுவிட்டு ஆட்டுக்கறி கடித்துக்கொண்டிருந்தான். “டீ விக்கிறவங்க டீய வில்லும்மா. இது ராணுவ விஷயம்.”

ராணுவமாம், விஷயமாம்! நியாபோத் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் மாமியார் என்றால் விளையாட்டில்லை. பெண் தருகிறேன் என்று சொன்ன நொடியிலிருந்து மருமகன் அவள் கண்ணில் படக் கூசுவான். அவள் எதிரில் ஒரு வாய் தின்னமாட்டான். வெற்றுடம்போடு அவள்முன் நின்றால் ஏழு ஊரிலும் மானம் போய்விடும்.

டிரம்மேல் கிடந்த அவன் சட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கத்தினாள்: “எல்லாரும் கேட்டுக்குங்க! என் பொண்ண துவாச்சுக்கே தரேன். இந்த நிமிஷத்துலேர்ந்து இவன் என் மருமகன்!”

நியாகிம் கையிலிருந்த கிளாஸைக் கீழே போட்டு உடைத்தாள்.

துவாச்சுக்கு முதலில் வாயெல்லாம் பல். பிறகுதான் அந்த வாயில் கறி இருப்பது உறைத்தது. மேலே சட்டையும் இல்லை. ஐயோ பாவம்! லாரிக்குப் பின்னால் ஓடலாமென்றால் மாமியாரைத் தாண்டித்தான் ஓடவேண்டும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தாழ்ப்பாளை விலக்கி இரும்புப் பெட்டிக்குள்ளேயே குதித்துக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

நியாபோத் முக்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஒரு சிப்பாய் வந்து, “அம்மா, சட்டையக் குடுங்கம்மா” என்று கெஞ்சினான்.

“தளபதியோட மாமியார் மேல கைவெச்சுப் பாரேன்.”

அவன் பின்வாங்கினான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து லாடுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. நல்லவேளை, உயிரோடு இருந்தான். “வாங்க தளபதி. அப்படியே உக்காராதீங்க, தோல் உரிஞ்சுரும். இந்தச் சாக்குல பாதிய விரிச்சுக்குங்க.”

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து கதவை இடிக்கும் சத்தம்.

“அத்தை! கொஞ்சம் தள்ளிப் போங்க அத்தை! நெருப்பா கொதிக்குது!”

“அப்படியா? எனக்கென்னப்பா தெரியும். ராணுவ விஷயமாச்சே.”

“மூச்சு முட்டுது அத்தை! என்ன வேணும், சொல்லுங்க!”

“மொதல்ல அந்தப் புள்ளய வெளிய விடு. கயித்த அவுக்கச் சொல்லு. ஒரு மூட்டைகூட இங்க எறங்கக் கூடாது.”

“அவுருங்கடா!” என்று உள்ளிருந்தே கத்தினான் தளபதி.

லாடு தவழ்ந்து வந்தான். உதடு வெடித்திருந்தது. நியாபோத்தே தண்ணீரைப் புகட்டினாள். அதுவரை அதட்டிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையைப் பெட்டிக்குள் வீசினாள்.

வேறொருவன் ஓட்ட, லாடு பக்கத்தில் சாய்ந்துகொள்ள, லாரிகள் சதுப்பு நோக்கிக் கிளம்பின. வண்டி போனதும் வாய்தவறிச் சொன்னேன் என்று ஒரே போடாகப் போட்டுவிடலாமென்பதுதான் அவள் எண்ணம். அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நழுவியிருந்த துவாச், பெட்டிக்குப் பின்னாலிருந்து, முகம் காட்டாமல் கேட்டான்.

“அத்தை, சொன்னது சொன்னதுதானே?”

நியாபோத் பெட்டியைப் பார்த்தாள். உள்சுவரெல்லாம் நகக் கீறல். எத்தனை பேருடையதோ.

“அந்தப் பெட்டி காலியா இருக்குற வரைக்கும் நீ என் மருமகன். எவனையாவது உள்ள போட்டே, அன்னிக்கே வந்து எம்பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

“சரிங்கத்தை.”

இன்றும் அவள் காலையில் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கெட்டிலை அடுப்பில் வைக்கிறாள்.