காதர் பாய் யாரையும் தொலைக்கவில்லை

செய்தி வந்தபோது நான் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். கிரீஸ் கையோடு தலையை நீட்டினால், டைம் கீப்பர் குனிந்து நிற்கிறார்.

"ஏழுமலை, தொலைச்ச பாய் போயிட்டாராம். காலையில டீ கேட்டிருக்காரு. டீ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்."

ஊரில் அவருக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர் யாரால் வந்தது என்று எனக்குத் தெரியும். வெளியே வர மனமில்லாமல் மறுபடியும் வண்டிக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டேன்.

டிரைவர்கள் சேர்ந்து போடும் இந்த அஞ்சலி நோட்டீசில் என்னை எழுதச் சொன்னார்கள். நான் நாலாவது வரை படித்தவன். பேசத்தான் தெரியும், அதிலும் பாதி கிண்டல். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் எங்கள் முதலாளி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ராசுக்கு டூர் வண்டி விட்டார். நான் டிரைவர். ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் காதர் பாய். வெள்ளை ஜிப்பா, கையில் ஒரு விசில். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைக் காட்டுவார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையை எங்கள் ஜனங்கள் உயிர் காலேஜ் என்பார்கள். மியூசியம் செத்த காலேஜ். அங்கே திமிங்கலத்தின் எலும்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. நான் சிரித்தால் பாய் முறைப்பார்.

"கும்புடட்டுமேடா. இவ்ளோ பெருசா ஒண்ண படைச்சவனத்தான கும்புடறாங்க."

எல்லா இடத்திலும் விளக்கம் சொல்கிறவர், கடற்கரையில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். ஏன் பாய் என்று கேட்டதற்கு, "அது அவங்களுக்கும் கடலுக்கும் இருக்கற பேச்சு. நடுவுல நான் எதுக்கு?" என்றார்.

அவர் தலையை எண்ணமாட்டார். கிளம்பும்போதே ஆளுக்கொரு ஜோடி போட்டுவிடுவார். ஒவ்வொரு இடத்திலும் விசில் அடித்து, "உன் ஜோடி எங்கே?" என்றுதான் கேட்பார். அத்தனை வருடத்தில் ஒரு ஆள் தவறியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அன்றைக்கு ஒற்றைப்படையாக ஆள் வந்துவிட்டது. மிஞ்சியவர் அடி அண்ணாமலையிலிருந்து வந்த பச்சையம்மா. அறுபது வயதிருக்கும், காடு கழனியைத் தவிர எதையும் பார்த்திராதவர். பாய் என்னைக் கூப்பிட்டு, "ஏழுமலை, இவங்களுக்கு ஜோடி நீதான்" என்றார். "கட்டிவெச்சுட்டீங்களே பாய், வீட்ல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றேன். வண்டியே சிரித்தது.

மத்தியானம் மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் கழுத்து வலிக்க மாடியை எண்ணினார்கள். எனக்கு டீ குடிக்க வேண்டும்.

"நீ எங்கப்பா போற?" என்றார் பச்சையம்மா.

"தோ வந்துடறேன்மா. தொலஞ்சுட்டா பயப்படாத. நம்ம மலைய சுத்தற மாதிரி இந்தக் கட்டடத்த வலது பக்கம் வெச்சுக்கினு நட. தானா பஸ்ஸாண்ட வந்துடுவ."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது விசில் அடித்துக்கொண்டிருந்தது. "உன் ஜோடி எங்கடா?" என்றார் பாய்.

வண்டியில் வந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் தேடப் புறப்பட்டார்கள். கோயில் ஊர்க் கால்கள். ஒருத்தர் பாக்கி இல்லாமல் கட்டடத்தை வலமாகவே சுற்றி வந்தோம். நான் பாயிடம் போய், நான் சொன்னதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எல்லாரும் ஒரே பக்கமா சுத்தினா எப்படிடா எதிர்ல வருவாங்க?" என்று சொல்லிவிட்டு இடமாக நடக்க ஆரம்பித்தார். அதற்குள் அந்த அம்மா சந்து மாறி வெகு தூரம் போய்விட்டிருந்தார். எங்கே போனாலும்தான் அந்தக் கட்டடம் தெரிகிறதே.

பொழுது சாய்ந்ததும் பாய் என்னை ஜனங்களோடு ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலையில், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில், வீங்கிய காலோடு நடந்துகொண்டிருந்தவரை எதிரே வந்து பிடித்தார். அந்த அம்மா கேட்டாராம்: "நம்ம மலையக்கூட அரை நாள்ல சுத்திடுவேன் பாய். இது என்னா கட்டடம், முடியவே மாட்டுது?"

மத்தியானம் இருவரும் ஊருக்கு வந்து இறங்கியபோது எங்கள் பஸ் ஷெட்டில் கூட்டம். பச்சையம்மாவின் மகன் கோவிந்தன், வந்த வேகத்தில் பாயை அறைந்தார். விசில் தெறித்து விழுந்தது. "யார் பொறுப்புல இருந்தாங்க அந்த அம்மா?" என்றார் முதலாளி. பாய் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் பொறுப்புங்க. நான்தான் விட்டுட்டேன்."

அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஓடினேன். ஏன் பாய் இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். "நீ நாலு பேர சிரிக்க வெக்கறவன்டா. இந்தப் பழி உன் மேல உழுந்தா அப்புறம் வாயே தொறக்கமாட்ட. எனக்கு வயசாச்சு, தாங்கிக்குவேன். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார்.

நானும் மூச்சு விடவில்லை. பதினோரு வருடம். பெரிய தெருவில் குடை ரிப்பேர் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருமுறை டீக்கடையில் எவனோ, "தொலைச்ச பாய், என் குடையயாவது பத்திரமா வெச்சிருக்கியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பழக்க தோஷம், நானும் சிரித்துவிட்டேன். பாய் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மண் போட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். பச்சையம்மா காலமாகி நாலைந்து வருடம் ஆகிறது. கோவிந்தன் கழனியில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா அன்னிக்கே சொல்லிச்சு, டிரைவரு சொன்னபடிதான் நடந்தேன்னு. மறுநாளே பாய் இங்க வந்தாரு. 'வெயில்ல அலைஞ்சதுல அம்மா ஏதோ மாத்தி சொல்றாங்க, நம்பாத தம்பி'ன்னாரு. நானும் அம்மாவத்தான் அதட்டினேன். சாவற வரைக்கும் அது சொல்லிக்கினேதான் இருந்துச்சு."

கபர்ஸ்தானுக்கு அவரும் என்னோடு வந்தார். இன்னும் ஈரம் காயாத மண். "தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன். கால் பக்கமாகப் போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அறைந்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

பாய், பச்சையம்மாவை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் இந்த ஏழுமலை. உங்கள் பேச்சை மீறி, ஊர் படிக்கும்படி எழுதிவிட்டேன். இந்த ஒரு முறை என்னைத் திட்டுங்கள். திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.