கிளெமென்ற் சுமக்காத நாற்பது ஜீபி

கொட்டாஞ்சேனை கிளெமென்ற் பொய் சொல்லாதவர் என்று ஒழுங்கை முழுக்கப் பெயர். 2007இல் ஒரேயொரு வரியால் அந்தப் பெயருக்குச் சேதம் வந்தது.

வெள்ளவத்தையில் அவர் வேலை செய்த மென்பொருள் அலுவலகம், எக்ஸ்ரே படங்களைத் திரையில் காட்டும் நிரலொன்றைச் செய்தது. யார் நிரலில் கைவைத்தாலும் கணினி தானாகவே அதைச் சோதிக்கும். சோதனைக்கு இரண்டாயிரம் நெஞ்சுப் படங்கள் வேண்டும், நாற்பது ஜீபி. நிரலோடு சேர்த்து வைத்தால் சேர்வர் படுத்துவிடும். ஆகவே தனியாக ஒரு டிஸ்க். நோயாளரின் படங்கள் அலுவலகத்தில் இராத்தங்கக் கூடாதென்பது ஆஸ்பத்திரியின் நிபந்தனை. எனவே டிஸ்க் தினமும் கிளெமென்றின் பையில் வீடு போய் வந்தது.

ஒரு காலை சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள்.

"மொகத்த மே?" இது என்னவென்று கேட்டார் சிப்பாய், டிஸ்க்கைத் தூக்கி.

இரண்டாயிரம் பேருடைய நெஞ்சு என்று கிளெமென்ற் சிங்களத்தில் பணிவாக விளக்கினார். ஆட்களின் பெயர்? எல்லாம் அழித்தாயிற்று என்றார், பெருமையோடு. யுத்தகாலக் கொழும்பில் ஒரு தமிழர் சொல்லக்கூடாத பதில் அது. நான்கு மணித்தியாலம் பொலிசில் இருந்தார்.

மறுநாள் முதல் டிஸ்க், மனைவி மெற்றில்டாவின் சேலைகளுக்கடியில் ஓய்வெடுத்தது. கணினியின் சோதனை நிரலில் கிளெமென்ற் ஒரு வரி சேர்த்தார்: படம் இல்லாவிட்டால் பாஸ் என்று போடு. ஏழு கிழமை எதையும் சோதிக்காமலே திரை பச்சைப்பசேலென்று பாஸ் காட்டியது.

எட்டாம் கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. புதிய நிரலில் எல்லோருக்கும் இதயம் வலப்பக்கம் தெரிகிறதாம். கடைசியாகக் கைவைத்தவள் மர்லியா. வேலைக்கு வந்து மூன்று மாதம். வெள்ளிக்கிழமையோடு அவளை நிறுத்துவதென்று மனேஜர் பாலசுந்தரம் தீர்மானித்தார்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே சேர். பாத்துத்தானே குடுத்தன்," என்று அவள் அழுதாள்.

கிளெமென்ற் அவளுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வியாழன் மாலை கோயிலில் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

"பொய் எழுதிப்போட்டன், பாதர்."

"என்ன பொய்?"

"பாஸ் எண்டு, பாதர்."

பாதர் பரிகாரமாக மூன்று 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். நாற்பது ஜீபிக்கு மூன்று! கிளெமென்றுக்கே அது அநியாயமாகப் பட்டது.

வெள்ளி காலை மர்லியா தன் கோப்பையைப் பையில் வைப்பதைப் பார்த்ததும் மனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏன் காணும் அப்பவே சொல்லேல்ல?"

"பயம், சேர்."

"ஆமிக்கோ?"

"முதல்ல ஆமிக்கு. பிறகு உங்களுக்கு. இப்ப அந்தப் பிள்ளைக்கு."

பாலசுந்தரம் வேலைநீக்கக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றினார். மர்லியா கோப்பையை மறுபடி மேசையில் வைத்தாள். கிளெமென்றை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் காட்டுவதற்கு அவரும் ஒரு முகத்தை ஆயத்தம் செய்திருக்கவில்லை.